வீட்டுக்குள்ள கணக்குக் கதை: சின்னப் பிள்ளைகள் வச்சிருக்கிற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் மட்டக்களப்புக் கல்லடியில இருக்கன். மூத்தவன் தரம் மூண்டு, சின்னவள் நேர்சரி. ரீச்சர் கீச்சர் ஒண்டும் இல்ல, வீட்டுல சமைக்கிற நேரம், பஸ்சுக்கு நிக்கிற நேரம் எல்லாம் ரெண்டு பேருக்கும் கணக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பழகிட்டன். அதைப் பாத்துட்டு மச்சாள்மார், பக்கத்து வீட்டு அக்கா, மகன்ட வகுப்புப் பிள்ளைகள்ட அம்மாமார் எல்லாம் ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டு வாய் வலிச்சதால ஒரேயடியா எழுதி வைக்கிறன். கணக்கு லேசா வரோணும் எண்டு விலைவாசிய நான் எண்ட பாட்டுக்குக் குறைச்சிருக்கன், கடையில போய் இந்த விலை கேட்டு ஏச்சு வாங்காதீங்க.

எத்தினை வயசுல தொடங்கலாம்?

எங்கட சின்னவள் மூண்டு வயசுல தொடங்கினா, நான் தொடங்கி வைக்க இல்ல, அவளாத் தொடங்கினது. நாலு முட்டை அவிச்சு வச்சிருந்தன், ஒண்டை எடுத்துக் கடிச்சுப்போட்டா. அப்பா சாப்பிட வந்து சட்டியத் திறந்து பாத்துட்டு "மூண்டுதான் கிடக்கு, ஒண்டு எங்க போன?" எண்டு கேக்க, வாயில முட்டையோட நிண்டுகொண்டு "வயித்துக்குள்ள" எண்டா. நாலுல ஒண்டு போனா மூண்டு எண்டது அவ்வளவுதான். எழுத்து தெரியத் தேவையில்ல, ஒண்டு ரெண்டு எண்ணி அஞ்சு வரைக்கும் வந்தாலே கதை சொல்லலாம். அஞ்சுக்கு மேல போற அவசரம் வேணாம், அஞ்சுக்குள்ளயே ஒரு வருசம் ஓட்டலாம்.

கொப்பி பென்சில் எடுத்து இருத்தி வச்சுச் சொல்லிக் குடுக்கிறதா?

வேணாம். கொப்பி வந்த உடன அது பள்ளிக்கூடமாப் போயிரும், பிள்ளை முகத்தப் பாத்தாலே தெரியும்.

எனக்கு ஒரு கணக்கும் தோணுதில்ல, எங்க இருந்து எடுக்கிற?

குசினியில இருந்து எடுங்க. நான் அதிகமா எடுக்கிறது அரிசி அளக்கிற சுண்டுல இருந்துதான். எங்கட வீட்டுல ஒரு சுண்டு அரிசி மூண்டு பேருக்குக் காணும். நாங்க நாலு பேர், இண்டைக்கு மாமா ஆக்கள் மூண்டு பேர் வாறாங்க, எத்தினை சுண்டு போடுற? மூத்தவன் மூண்டு பேருக்கு ஒரு சுண்டு, அடுத்த மூண்டு பேருக்கு ஒரு சுண்டு எண்டு விரல மடிச்சிட்டு, "ஒராள் மிச்சம்" எண்டு நிண்டுட்டான். அந்த மிச்ச ஆளுக்கு என்ன செய்யிற எண்டு கேட்டன். "கால் சுண்டு காணுமா அரைச் சுண்டு வேணுமா" எண்டு அவனே யோசிக்கத் தொடங்கிட்டான். என்ட அம்மா அடுப்படியில இருந்துகொண்டு "மனே, மாமா ரெண்டு ஆள்ட சோறு தின்னுவார், மூண்டு சுண்டாப் போடு" எண்டா. மூண்டு சுண்டு எண்டதும் ஒரு விடைதான், அதையும் பிழை எண்டு சொல்ல ஏலாது. மறுகா அம்மா பழங்கதை தொடங்கி நாலு சுண்டு ஒரு கொத்து எண்டு சொல்ல, அப்ப நாங்க சமைச்சது ஒரு கொத்துக்கு எவ்வளவு குறைய எண்டு இன்னொரு கணக்கு தானா வந்துது.

எனக்கு எல்லாத்திலயும் விருப்பமான கணக்கு பிட்டுக் கணக்குத்தான். மாவுக்கு ஒரு அடுக்கு, தேங்காப்பூவுக்கு ஒரு அடுக்கு எண்டு குழலுக்குள்ள மாறி மாறிப் போடுறோம்தானே. அடியிலயும் தேங்காப்பூ, மேலயும் தேங்காப்பூ. மா நாலு அடுக்கு போட்டா தேங்காப்பூ எத்தினை அடுக்கு? மூத்தவன் கண்ணை மூடிக்கொண்டு நாலு எண்டான். சரி எண்டும் சொல்ல இல்ல, பிழை எண்டும் சொல்ல இல்ல, அவிஞ்ச பிறகு குழலத் தட்டில கவுத்து மெல்ல அகப்பைக் காம்பால தள்ளி விட்டன். ஆவி பறக்குது, ரெண்டு பேரும் குனிஞ்சு வெள்ளை வெள்ளையா எண்ணினாங்க. அஞ்சு. "ஒண்டு எங்கால வந்த?" எண்டு அவன் திருப்பித் திருப்பி எண்ணுறான். எண்ணி எண்ணிக் கடைசியாக் கண்டுபிடிச்சான், ஒவ்வொரு மாவுக்கும் தலைக்கு மேல ஒரு பூ இருக்கு, அடியில கிடக்கிறது மட்டும் ஒருத்தருக்கும் சேராத தனிப்பூ எண்டு. நான் இவ்வளவு வடிவா விளங்கப்படுத்தி இருக்க மாட்டன்.

அதே கணக்குத்தான் வேலி அடைக்கிற கணக்கும். 20 அடி வேலி, 4 அடிக்கு ஒரு கதியால் (வேலிக்கு நடுற தடி), எத்தினை கதியால் வேணும் எண்டு கேட்டா பெரிய ஆக்களே அஞ்சு எண்டுருவாங்க. ஆறு. பிட்டு எண்ணின பொடியன் ஆறு எண்டு பட்டெண்டு சொன்னான், என்ட புருசன்தான் அஞ்சு எண்டார் (இத அவர் வாசிக்க மாட்டார்).

கணக்க வாசிச்ச உடன பிள்ளை "அம்மா, கூட்டுறதா கழிக்கிறதா?" எண்டு கேக்குது. என்ன செய்யிற?

கூடுதலா வாற கேள்வி இதுதான், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

மூத்தவனும் போன வருசம் இப்பிடித்தான். ரியூசன்ல ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்திருந்தாங்க: "மொத்தம்" எண்டு வந்தா கூட்டு, "மீதி" எண்டு வந்தா கழி, "ஒவ்வொரு" எண்டு வந்தா பெருக்கு. பிள்ளை அதப் பாடமாக்கிட்டான், கதைய வாசிக்கிறதே இல்ல, சொல்லத் தேடுறான், கண்ட நம்பர் ரெண்டையும் எடுத்துப் போட்டுக் கூட்டுறான். ஒருநாள் வேணுமெண்டே ஒரு கணக்குக் குடுத்தன்: "ஒரு ஓட்டோவுல 5 ஆடும் 4 கோழியும் ஏத்திக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போறார், ஓட்டோக்காரருக்கு எத்தினை வயசு?" கொஞ்சமும் யோசிக்க இல்ல, "ஒம்பது" எண்டான். ஒம்பது வயசுல ஓட்டோ ஓடுறாரா மகன் எண்டு கேட்ட பிறகுதான் விழுந்து விழுந்து சிரிச்சான்.

இது எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வருத்தம் இல்ல. பிரான்சில கிரெனோபிள் எண்ட ஊரில 1979 இல இத மாதிரிக் கேட்டுப் பாத்திருக்காங்க, கப்பல்ல 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கு, கப்டனுக்கு வயசு எத்தினை எண்டு. கன பிள்ளைகள் 36 எண்டு எழுதியிருக்கு. 36 எண்டது ஒரு கப்டனுக்கு ஏத்த வயசாவும் இருந்ததால பிள்ளைகளுக்குச் சந்தேகமும் வந்திருக்காது போல.

அதால நான் இப்ப செய்யிறது என்னெண்டா, கணக்கச் சொல்லிட்டுக் கேள்விய மறைச்சுப்போடுறது. "அப்பா சந்தையில 12 மாங்காய் வாங்கினார், வழியில அப்பம்மாக்கு 5 குடுத்தார்." அவ்வளவுதான், நிப்பாட்டிருவன். இப்ப நீ என்ன கேக்கலாம்? பிள்ளைகள்தான் கேள்வி போடோணும். எத்தினை மிச்சம் எண்டு ஒண்டு வரும், அப்பம்மாட்ட கூடவா எங்களிட்ட கூடவா எண்டு இன்னொண்டு வரும், சின்னவள் "அதுல பழுத்தது எத்தினை?" எண்டு கேப்பா, அதுக்கு விடை கதையில இல்ல எண்டு மூத்தவன் சொல்லுவான். விடை இல்லாத கேள்விய விடை இல்ல எண்டு சொல்லப் பழகினவன் ஓட்டோக்காரர்ட வயசக் கூட்ட மாட்டான்.

இன்னொண்டு, நம்பர் இல்லாமக் கதை சொல்லிப் பாருங்க. "அம்மம்மாட்ட கொஞ்சம் முட்டை இருந்துது, கோழி இன்னும் கொஞ்சம் போட்டுது, இப்ப கூடுமா குறையுமா?" நம்பர் இல்லாட்டி கையில பிடிச்சுக் கூட்டுறதுக்கு ஒண்டும் இல்ல, கதையத்தான் பாக்கோணும்.

"எத்தினை கூட" எண்டு கேட்டா என்ட பிள்ளை ரெண்டையும் கூட்டுது, ஏன்?

ஏனெண்டா எங்கட பாசையில "கூட" எண்ட சொல்லுக்குள்ளயே "கூட்டு" ஒளிச்சிருக்கு. பெரிய ஆக்களுக்கு அது காதுல விழாது, பிள்ளைக்கு விழும். "அண்ணாட்ட 8 கச்சான் (நிலக்கடலை), தங்கச்சிட்ட 5, அண்ணாட்ட எத்தினை கூட?" எண்டா பிள்ளைக்குக் கேக்கிறது கூட்டு எண்டு, 13 எண்டு சொல்லுது. அது பிள்ளைட மொக்குத்தனம் இல்ல, சொல்லுதான் காலை வாருது. இதுல "அண்ணாவும் கூட வந்தார்" எண்டு வேற சொல்லுவோம், பாவம் பிள்ளை.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போன நேரம் வாங்கின கச்சான் சுருள் ஒண்டை இதுக்கெண்டே பிரிச்சன். அண்ணாட எட்டையும் ஒரு வரிசையா வச்சு, அதுக்கு நேர கீழ தங்கச்சிட அஞ்சையும் ஒண்டுக்கு ஒண்டு சோடியா வச்சன். சோடி இல்லாம நிக்கிறது எத்தினை? மூண்டு. அந்தச் சோடி இல்லாததுதான் "கூட" எண்டு சொன்னன். ஒரு கிழமை "எத்தினை கூட" எண்டு கேக்கவே இல்ல, "எத்தினை பேருக்குச் சோடி இல்ல" எண்டுதான் கேட்டன், மறுகா மெல்ல மெல்லப் பழைய சொல்லுக்கு வந்தன். அதுக்கு அடுத்த படி கொஞ்சம் கஸ்டம்: "தங்கச்சிட்ட 5 இருக்கு, அது அண்ணாட்ட இருக்கிறத விட 3 குறைய, அண்ணாட்ட எத்தினை?" இதுல "குறைய" எண்டு இருக்கு, ஆனாக் கூட்டோணும். ரியூசன் லிஸ்ட் இதுல நல்லா விழும். எட்டு வயசுக்கு முன்னால இதக் கேட்டு வதைக்காதீங்க.

சாமானத் தின்னக் குடுத்து எண்ணினா பிள்ளை தின்னுறதுலதானே நிக்கும்?

நிக்கட்டும். தின்னுறது கழித்தல்.

விரல் விட்டு எண்ணுறான், நிப்பாட்டோணுமா?

நிப்பாட்ட வேணாம், தானா விடுவான். எங்கட அப்பா நெல்லு மூட்டை எண்ணுறது விரல்ட வரையில, பெருவிரல வச்சு மற்ற நாலு விரல்லயும் மூண்டு மூண்டு கணுவாத் தொட்டுக்கொண்டு போவார், ஒரு கையில 12 வந்துரும். ஒரு கைய ஒரு டசின் எண்டு வச்சு மற்றக் கையிலயும் கணுக் கணுவா டசினை எண்ணினா 144 வரைக்கும் போகலாம். மூத்தவனுக்கு இதக் காட்டினதுக்கு அவன் பள்ளிக்கூடத்துல போய் மூண்டாம் வாய்ப்பாட்டுக்கு விரல் கணுவத்தான் பாவிச்சிருக்கான், மிஸ் என்ன இது எண்டு கேட்டாவாம், "அம்மப்பாட கல்குலேட்டர்" எண்டு சொன்னானாம்.

பெருக்கல், பிரிக்கிறது எல்லாம் எப்ப?

பேர் சொல்லாமச் செய்தா நாலு வயசுலயே செய்யலாம். பங்கு வைக்கத் தெரியாத பிள்ளை இல்ல, தனக்கு ஒண்டு குறைஞ்சா எப்பிடிக் கத்துது எண்டு பாருங்க.

பிரிக்கிறதுல ரெண்டு விதம் இருக்கு எண்டது எனக்கே இப்பதான் உறைச்சுது. 12 அரியதரத்த 3 தட்டுல சமனா வை, தட்டுக்கு எத்தினை? இது பங்கு. 12 அரியதரத்த மூண்டு மூண்டாப் பாக்குல போடு, எத்தினை பாக்? இது கட்டு. கொப்பியில ரெண்டும் ஒரே கணக்கு, விடையும் நாலுதான். ஆனாக் கையால செய்யிற நேரம் முதலாவதுல பிள்ளை ஒவ்வொரு தட்டுக்கும் ஒண்டு ஒண்டா வச்சுக்கொண்டு சுத்துது, ரெண்டாவதுல மூண்ட ஒரேயடியா அள்ளுது. ரெண்டையும் மாறி மாறிச் செய்யக் குடுங்க, ஒண்டை மட்டும் செய்தா மற்றது வாற நேரம் முழிக்கும்.

மிச்சம் வாற கணக்கு அதை விட நல்லம். மூண்டு கதை சொல்றன், மூண்டுலயும் மிச்சம் வருது, ஆனா மூண்டு மிச்சத்துக்கும் மூண்டு விதி. 13 பிள்ளைகள் பாசிக்குடாக் கடலுக்குப் போகோணும், ஒரு ஓட்டோவுல 3 பேர்தான், எத்தினை ஓட்டோ? நாலு ஓட்டோவுல 12 பேர் போயிருவாங்க, மற்றப் பிள்ளைய விட்டுட்டுப் போகவா? அஞ்சு ஓட்டோ. ரெண்டாவது, கையில 50 ரூவா, ஐஸ்பழம் 20 ரூவா, எத்தினை வாங்கலாம்? ரெண்டுதான், மிச்சம் 10 ரூவா கையில கிடக்கும், மூண்டாவது ஐஸ்பழத்துல பாதிய வெட்டித் தாங்க எண்டு கேக்க ஏலாது. மூண்டாவது, 5 வடை ரெண்டு பேருக்கு. இதுல மிச்சத்தப் பிய்க்கலாம், ஆளுக்கு ரெண்டரை. "மிச்சத்துக்கு என்ன நடக்கும்?" எண்டு கேளுங்க, பிள்ளை கதைக்குள்ள போயிரும். மூத்தவன் ஓட்டோக் கணக்குக்கு "நாலு ஓட்டோ போதும், ஒராள் டிரைவருக்குப் பக்கத்துல" எண்டான். பொலிஸ் பிடிக்கும் எண்டு சொன்னன், ஆனா உள்ளுக்குள்ள சந்தோசம்தான்.

காசுக் கணக்கு எப்பிடிப் பழக்கிற?

கடைக்கு அனுப்பித்தான். நான் பள்ளிக்கூடத்துல படிச்சது 500 இல இருந்து 365 கழிக்க வலப்பக்கம் தொடங்கிக் கடன் வாங்கிக் கடன் குடுத்து வாறது. கடைக்காரர் ஒருத்தரும் அப்பிடிக் கழிக்கிறதில்ல, கவனிச்சுப் பாருங்க. அஞ்சு ரூவாய வச்சு "370", முப்பதை வச்சு "400", நூறை வச்சு "இந்தா 500" எண்டு எண்ணிக்கொண்டே கையில தருவார். 5, 30, 100, ஆக 135. கழிக்கிறத ஏறி ஏறிப் போய்ச் செய்யிறது. பிள்ளைய லாச்சிக்குப் பின்னால முதலாளியா இருத்திட்டு நீங்க வாங்க வாற ஆளா நில்லுங்க, ரெண்டு நாளையில பழகிரும். வீட்டுல குத்திக் காசு சேத்து வச்சிருந்தா இன்னும் நல்லம். அஞ்சு ரூவாயும் பத்து ரூவாயும் மட்டும் வச்சு 30 ரூவாய எத்தினை விதமாக் குடுக்கலாம்? நாலு விதம், பிள்ளை மூண்டுல நிண்டுரும், அஞ்சு ரூவாய்க் குத்தி மட்டும் ஆறு குடுக்கிறதக் கனபேர் மறந்துருவாங்க.

எங்கட பத்து ரூவாய்க் குத்தி வட்டம் இல்ல, தெரியுமா? அதுக்கு 11 பக்கம். கடதாசிக்குக் கீழ வச்சுப் பென்சிலால தேய்ச்சு எண்ணச் சொல்லுங்க. எங்க தொடங்கினது எண்டு அடையாளம் வைக்காட்டி 10, 12, 13 எண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்டு வரும். மழைநாள் ஒண்டுல அரை மணித்தியாலம் சத்தமே இல்லாம இருந்தாங்க.

நேரக் கணக்குல பிள்ளை சறுக்குது.

சறுக்கும், ஏனெண்டா மற்ற எல்லாம் பத்துப் பத்தாப் போக மணிக்கூடு மட்டும் அறுபதுல திரும்புது. மட்டக்களப்புல 7.40க்கு பஸ் ஏறினோம், கல்முனையில 9.05க்கு இறங்கினோம் (வழியெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டி ஆள் ஏத்துற பஸ்), எவ்வளவு நேரம்? மூத்தவன் 905 இல 740 கழிச்சு 165, ஆக ஒரு மணித்தியாலமும் 65 நிமிசமும் எண்டான். கடைக்காரர்ட வேலையத்தான் இதுலயும் செய்யோணும்: 8 மணிக்கு 20 நிமிசம், 9 மணிக்கு இன்னொரு மணித்தியாலம், மறுகா 5. ஒரு மணித்தியாலம் 25 நிமிசம்.

வருசக் கணக்குக்கு எங்கட ஊரே காணும். கல்லடிப் பழைய பாலம் 1924, பக்கத்துல புதுப் பாலம் திறந்தது 2013. எத்தினை வருசம் இடைவெளி? 89. முகத்துவாரத்து வெளிச்சவீடு கட்டினது 1913, அப்ப புதுப் பாலம் திறந்த வருசம் வெளிச்சவீட்டுக்கு எத்தினை வயசு? சரியா நூறு, இத மூத்தவன் கண்டுபிடிச்ச அண்டைக்கு வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சொன்னான். அம்மம்மா பிறந்தது 1956, பாலம் அவவை விட எத்தினை வயசு மூப்பு? 32. அப்ப பாலத்த என்னெண்டு கூப்பிடோணும் எண்டு சின்னவள் கேட்டா, பெரியம்மாவா பூட்டியா எண்டு இன்னும் முடிவு இல்ல.

யூடியூப்ல நிறையக் கணக்குக் கதை இருக்கே, அதப் போட்டு விட்டா என்ன?

பாக்கட்டும். ஆனா அதுல வாறது ஆப்பிள், பம்ப்கின், பனிமனிசன். பம்ப்கின் எண்டா பூசணிக்காய் எண்டு விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குக் கணக்கு மறந்து போகும். அதே கணக்க எங்கட சாமானுக்கு மாத்திச் சொல்லுங்க, பேருக்குச் சின்னவள்ட பேரையும் அண்ணாட பேரையும் போடுங்க, தன்ட பேர் வந்தா எந்தப் பிள்ளையும் நிமிந்து பாக்கும். படுவான்கரைப் பக்கம் வயல் இருக்கிற ஆக்களுக்கு வெள்ளாமைக் கதை இருக்கு, ஆனை வந்து வாழை முறிச்ச கதை இருக்கு: 15 வாழையில ஆனை 6 முறிச்சுது, குட்டி 2 முறிச்சுது, குலை போட ஆளா நிக்கிறது எத்தினை? (7.) கடக்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மீன் கூறு இருக்கு. ஒரு கூறுல 5 மீன், ரெண்டு கூறு வாங்கி பூனை ஒண்டைத் தூக்கினா நாலு பேருக்கு எப்பிடிப் பங்கு வைக்கிற? இதுலயும் மிச்சம் வருது பாருங்க.

ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்துல எப்பிடிச் சொல்ற? பெரியவன் உடன சொல்லிர்றான், சின்னவள் அழுகிறா.

கதை ஒண்டு, கேள்வி ரெண்டு. "அப்பப்பாட முத்தத்துல கோழியும் ஆடும் நிக்குது, எல்லாமா 7 தலை." சின்னவளுக்கு: 4 கோழி எண்டா ஆடு எத்தினை? பெரியவனுக்கு: எத்தினை கோழி எண்டு சொல்ல மாட்டன், கால எண்ணினா 20, ஆடு எத்தினை? அவன் முதல்ல அந்தரப்பட்டான். தங்கச்சிக்குச் சொன்னத அவன் கேக்கக் கூடாது எண்டதால ஒராளுக்குக் காதுக்குள்ளதான் சொல்லோணும், அதே ஒரு விளையாட்டுத்தான். செய்யிற விதம் இதுதான்: ஏழு வட்டம் கீறு, அது தலை. எல்லாருக்கும் முதல்ல ரெண்டு ரெண்டு கால் போடு, 14 முடிஞ்சுது. கையில இன்னும் 6 கால் கிடக்கு. ரெண்டு ரெண்டா இன்னும் மூண்டு பேருக்குப் போடலாம், அந்த மூண்டும் ஆடு. மற்ற நாலும் கோழி. அல்ஜீப்ராவா? பெரிய வகுப்புல அப்பிடிச் சொல்லுவாங்க போல, எங்கட வீட்டுல "கால் போடுற கணக்கு".

கொக்கான் வெட்டுற பிள்ளைகள் இருந்தா அதையும் விடாதீங்க. அஞ்சு கல்லுல ஒண்டு கையில, நாலு நிலத்துல. ரெண்டு ரெண்டா அள்ளினா எத்தினை தரம், மூண்டா அள்ளினா மறுகா எத்தினை அள்ளோணும் எண்டு கேட்டுக்கொண்டே வெட்டலாம்.

விடை பிழைச்சா என்ன சொல்ற?

"எப்பிடிச் செய்தாய்?" எண்டு கேளுங்க, ஆனா சரியாச் சொன்ன நேரமும் அதையே கேளுங்க. பிழைச்சா மட்டும் கேட்டா பிள்ளை கேள்விய வச்சே விடைய மாத்திரும். ஒருநாள் 7 உம் 5 உம் எத்தினை எண்டு கேக்க 12 எண்டு சரியாச் சொன்னா சின்னவள், எப்பிடி எண்டு கேட்டன், "அண்ணா பின்னால நிண்டு கையக் காட்டினான்" எண்டா. கேக்காட்டி நான் பிள்ளை கெட்டிக்காரி எண்டு ஊரெல்லாம் சொல்லி இருப்பன்.

இன்னொண்டு, பிழைய உடன திருத்தாதீங்க. பிட்டக் கவுத்து எண்ணினமே, அது மாதிரி சாமானே சொல்லட்டும்.

இதெல்லாம் ஸ்கொலர்ஷிப்புக்கு உதவுமா?

தரம் அஞ்சுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுற ஓட்டம் எனக்கும் தெரியும், வெட்டுப்புள்ளி வாற கிழமை ஊரே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். இத அதுக்கெண்டு செய்ய இல்ல, ஆனா அந்தப் பேப்பர்லயும் கணக்குக் கதையாத்தான் வருது, கதைய வாசிச்சு விளங்கிற பிள்ளைக்கு நேரம் மிச்சம். தரம் ஒண்டுப் பிள்ளைக்குப் பாஸ்பேப்பர் வாங்கிக் குடுத்த ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டன், சொந்தக்காரி.

எனக்கே கணக்கு ஓடாது, நான் எப்பிடிச் சொல்லிக் குடுக்கிற?

நானும் ஓ லெவல்ல கணக்குக்கு ரெண்டாந்தரம் எழுதின ஆள்தான். உங்களுக்குத் தெரியாட்டி இன்னும் நல்லம், நீங்களும் உண்மையாவே யோசிப்பீங்க, பிள்ளை அதக் காணும். "எனக்குக் கணக்கு வராது" எண்டு மட்டும் பிள்ளைக்கு முன்னால சொல்லாதீங்க, அடுத்த கிழமை அதே சொல்லு அதே குரல்ல திரும்பி வரும். எனக்கு வந்துது.

ஒரு நாளைக்கு எத்தினை கணக்கு?

ஒண்டு. வேணாம் எண்டு பிள்ளை சொன்னா அதுவும் இல்ல.

பிள்ளைகளே கணக்குப் போடுமா?

போடும், விட்டா நிப்பாட்டாது. முதல்ல எல்லாம் மில்லியன் கணக்குல வரும், "என்ட்ட ஆயிரம் கோடி டொபி" எண்டு. மறுகா மெல்ல வீட்டுச் சாமானுக்கு இறங்கும். போன கிழமை ராத்திரிச் சாப்பாட்டுல சின்னவள் ஒண்டு போட்டா: "அம்மம்மாட்ட 6 கோழி. ஒண்டைக் கீரி கொண்டு போயிற்று. இப்ப அம்மம்மாக்கு எத்தினை கவலை?" மூத்தவன் அஞ்சு எண்டு வாயத் திறந்துட்டு மூடினான், ஓட்டோக்காரர் ஞாபகம் வந்திருக்கும். யோசிச்சுட்டு "ஒண்டு" எண்டான், ஒரு கோழிதானே போன எண்டு. அப்பா "இல்ல, அஞ்சு" எண்டார், இனி மிச்சம் அஞ்சுக்கும் கீரி வருமே எண்டு. அம்மம்மா சோத்தப் பிசைஞ்சுகொண்டே "ஆறு கா" எண்டா.